பிரமனுக்குத் தெரியாத பொருள்

காஞ்சிபுரம் குமரகோட்டத்து மூலவரிடம் வேலைத் தேடினால் கிடைக்காது. காமாட்சியம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் இடையில் அமர்ந்திருக்கும் அந்த முருகனின் கைகளில் இருப்பவை ஜபமாலையும் கமண்டலமும். இரண்டும் பிரமனுக்கு உரியவை. ஓம் என்று தொடங்கி வேதம் ஓதப் புகுந்த பிரமனிடம் அந்த ஓரெழுத்துக்குப் பொருள் கேட்டான் முருகன், பிரமன் விழித்தான், குட்டு வாங்கிச் சிறைக்குப் போனான், படைப்புத் தொழிலை முருகனே பார்த்தான். இது கந்தபுராணக் கதை. அதைத் தமிழில் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் இதே கோயிலின் அர்ச்சகர். நூல் அரங்கேறியதும் இங்கேதான். முதற்பாட்டின் முதல் சொற்புணர்ச்சிக்கே இலக்கணம் காட்டும்படி சபை அவரை மறித்தது என்று சொல்வார்கள். சொல்லுக்குக் கணக்குக் கேட்கிற ஊர் இது.

அந்தக் கதையில் பலரும் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. பொருள் தெரியாமல் பிரமன் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் படைப்பு நின்றுவிடவில்லை. உயிர்கள் பிறந்துகொண்டுதான் இருந்தன. மந்திரம் வேலை செய்தது, சொன்னவனுக்குத்தான் விளங்கவில்லை. அப்படியானால் குட்டு எதற்கு? பொருள் தெரியாமல் சொன்னாலும் பலன் உண்டென்றால் பொருள் எதற்கு? பொருள்தான் முக்கியம் என்றால் அதையே நம் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? இந்தக் கேள்விகளை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. வாதத்தின் ஏறக்குறைய எல்லாத் தரப்புக்கும் காஞ்சியில் ஒரு சந்நிதியோ ஒரு மடமோ இருக்கிறது.

பழைய வாதி கௌத்சர். யாஸ்கரின் நிருக்தம் அவர் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கிறது. மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்பது கௌத்சர் கட்சி. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது என்கிறீர்கள். பொருள்தான் நோக்கம் என்றால் வேறு சொல்லில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவர் கேட்கிறார். வேதத்தில் உள்ள சொற்களும் உலகத்தார் பேசும் சொற்களும் ஒன்றுதானே, இங்கே பொருள் தருபவை அங்கே மட்டும் எப்படி ஊமையாகும் என்பது யாஸ்கரின் பதில். வேத வாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகர்கள் யாஸ்கர் பக்கம் நின்றார்கள். நம் காலத்தில் கௌத்சருக்கு வக்காலத்து வாங்கியவர் டச்சு அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்டால். 1975-இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திர வேள்வியைப் படமெடுத்துப் பதிவு செய்தவர் அவர். சடங்கும் மந்திரமும் விதிகளால் ஆனவை, பொருளால் ஆனவை அல்ல என்பது 1989-இல் வந்த அவருடைய நூலின் முடிவு.

தொல்காப்பியம் இந்தச் சண்டைக்குள் வராமலே வேறொரு வழி போகிறது. நிறைந்த சொல்லாற்றல் உடையவர் ஆணையிட்டுச் சொன்ன மறைவான மொழியே மந்திரம் என்பது செய்யுளியல் தரும் இலக்கணம். அங்கே எடை ஒலியின் மேலும் இல்லை, அகராதிப் பொருளின் மேலும் இல்லை. சொன்னவர் மேல் இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான வரையறையாகப் படுகிறது.

காமாட்சி சந்நிதிக்குப் போனால் கௌத்சர் கை ஓங்கியதுபோல் தோன்றும். அம்மனுக்கு முன் ஸ்ரீசக்கரம். வழிபாடு ஸ்ரீவித்தை நெறி. அந்நெறியின் தலைமை மந்திரமான பஞ்சதசி பதினைந்து அசைகளால் ஆனது. அவை பீஜங்கள், அதாவது வித்தெழுத்துகள்; எந்த அகராதியிலும் நேர்ப்பொருள் கிடைக்காது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த பாஸ்கரராயர் ‘வரிவஸ்யா ரகசியம்’ என்ற நூலில் இந்தப் பதினைந்து அசைகளுக்குப் பதினைந்து வகையில் பொருள் கண்டார். பொருள் அறியாத ஜபத்தை அவர் மதிக்கவும் இல்லை. நேர்ப்பொருள் இல்லாத மந்திரத்துக்குத்தான் ஆகப் பெரிய உரை. மனித மனம் வெறும் ஒலியோடு நெடுநேரம் இருக்கச் சம்மதிப்பதில்லை.

இதே காஞ்சியின் இன்னொரு கோடியில், வரதராசப் பெருமாள் சந்நிதிக்கு அருகில் உள்ள தூப்புல், வேதாந்த தேசிகர் பிறந்த இடம். பிறப்பு 1268 என்பது மரபுக் கணக்கு. அவருடைய மணிப்பிரவாள நூல் ‘ரகசியத்ரயசாரம்’ 32 அதிகாரங்கள் கொண்டது. திருமந்திரம் எனப்படும் எட்டெழுத்து, துவயம், சரம சுலோகம் ஆகிய மூன்று வைணவ மந்திரங்களின் பொருளைச் சொல்வதே அதன் வேலை. பிள்ளை லோகாசாரியர் அதே மூன்றுக்கும் ‘முமுட்சுப்படி’ செய்தார். எட்டெழுத்துக்கு இவ்வளவு உரை தேவையா என்று கேட்கலாம். இராமானுசர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் பதில் கிடைக்கும்.

இராமானுசர் காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் படித்தவர். வரதனுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து நீர் சுமந்தவர். வரதனுக்கு விசிறி வீசித் தொண்டு செய்த, வைசிய குலத்தவரான திருக்கச்சி நம்பியைக் குருவாக எண்ணியவர். பின்னாளில் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்துபோய் உபதேசம் பெற்று, யாரிடமும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்ற கட்டளையை மீறி, எல்லாருக்கும் உரக்கச் சொன்னார் என்பது ஊரறிந்த கதை. ஆனால் நாராயணா என்னும் நாமத்தைத் திருமங்கை ஆழ்வார் அதற்கு முன்பே பெரிய திருமொழியின் முதல் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு வெளிப்படையாகப் பாடி வைத்துவிட்டார். எழுத்துகள் ரகசியமாக இருந்திருக்க முடியாது. மறைத்து வைக்கப்பட்டது அர்த்தம். அதைத்தான் இராமானுசர் வெளியே கொட்டினார். நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் துணிந்தது ஒலிக்காக அல்ல, பொருளுக்காக.

அந்தப் பொருளும் சொற்பொருள் அல்ல. நான் எனக்குச் சொந்தமில்லை, அவனுக்கு உரியவன் என்ற நிலையை வாய் சொல்லச் சொல்ல மனம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் உரைகளின் சாரம். சைவர்கள் ஐந்தெழுத்தில் கண்டதும் இதற்கு வெகுதூரமில்லை. நமசிவாய என்பது யசுர் வேதத்தின் ஸ்ரீருத்திரத்தில் வருவது. அப்பரும் சம்பந்தரும் அதற்கெனத் தனிப் பதிகம் பாடினார்கள். மெய்கண்ட சாத்திரங்களில் ‘உண்மை விளக்கம்’ எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. உமாபதி சிவம் ‘திருவருட்பயனில்’ ஓர் அதிகாரமே ஒதுக்குகிறார். சி என்பது சிவம், வ அருள், ய உயிர், ந மறைப்பாற்றல், ம மலம். சிவாயநம என்று மாற்றி ஓதும்போது ய நட்டநடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். உயிர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதே கேள்வி. சாத்திரம் படிக்காதவர்கூட ஐந்து விரலை நீட்டி நடுவிரலைத் தொட்டு இதைப் புரிந்துகொள்ளலாம். மந்திரத்தின் பொருள் என்று தமிழ் மரபு சொல்வது பெரும்பாலும் இப்படிச் சொல்பவன் நிற்கும் இடத்தைக் குறிக்கும் பொருள்தான்.

இவ்வளவும் வேண்டாம், நாமம் ஒன்றே போதும் என்ற கட்சியும் காஞ்சியோடு சேர்ந்ததே. காஞ்சி காமகோடி மடத்தின் மரபு தன் 59-ஆவது பீடாதிபதியாகக் கொள்ளும் போதேந்திரர், பதினேழாம் நூற்றாண்டில் நாம சித்தாந்தத்தை நிலைநாட்டியவர். கும்பகோணம் அருகே கோவிந்தபுரத்தில் அவர் அதிட்டானம் இருக்கிறது. நேரம், இடம், சாதி, தீட்டு எதுவும் தடையில்லை. பொருள் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சாகும் தறுவாயில் மகனைப் பெயர் சொல்லி நாராயணா என்று கூப்பிட்ட அஜாமிளன் கதை இவர்களுடைய முதல் சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் காஞ்சியில் மடம் அமைத்து நூற்றெட்டு உபநிடதங்களுக்கும் உரை எழுதிய உபநிடத பிரம்மேந்திரரும் நாம மகிமை பேசியவரே. அத்தனை உபநிடதமும் கரைத்துக் குடித்தவர் கடைசியில் ராம நாமத்தில் வந்து நின்றார்.

எண்ணிக்கை மோகம் இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம். காஞ்சியிலிருந்து வந்த அடியார் ஒருவர் சொல்ல, தியாகராசர் 96 கோடி ராம நாமத்தை 21 ஆண்டுகளில் முடித்தார் என்று இசை உலகில் வழங்குகிறது. வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,25,000-க்குச் சற்று மேல் வரும். ஒரு நாளில் இருப்பது 86,400 நொடி. உண்ணாமல், உறங்காமல், பாட்டுக் கட்டாமல் இருந்தாலும் நொடிக்கு ஒன்றரை முறை சொல்லியாக வேண்டும். கதையைப் பொய் என்று தள்ளச் சொல்லவில்லை. 96 கோடி என்பது சங்கற்பத்தின் அளவு, கணக்குப் பிள்ளையின் பேரேடு அல்ல. ஆனால் லட்சார்ச்சனை, கோடி ஜபம் என்று நோட்டீஸ் அடிக்கும்போது அந்த வேறுபாடு மறந்துபோகிறது. நூற்றெட்டு மணி மாலை உருட்டுபவரின் கண் மேருமணி எப்போது வரும் என்று காத்திருந்தால், அங்கே நடப்பது எண்ணுதல் மட்டும்தான்.

எப்படிச் சொல்வது என்பதிலும் தரவரிசை உண்டு. பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு, உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு மேல் என்கிறது மனுநூல். மனத்தால் செய்வதே உயர்ந்தது என்பதற்குப் பெரிய புராணம் காஞ்சியை வைத்தே ஒரு கதை சொல்கிறது. பல்லவ மன்னன் காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கட்டிய கோயிலுக்கும் அதே நாள். உன் விழாவை வேறு நாளைக்குத் தள்ளி வை என்று சிவன் மன்னனின் கனவில் வந்து சொன்னார். அந்தக் கற்றளியைக் கைலாசநாதர் கோயில் என்றும், மன்னனை இராசசிம்மன் என்றும் வரலாற்றாசிரியர்கள் பலர் கொள்கிறார்கள்.

கதை அழகுதான். ஆனாலும் மானசமே உயர்வு என்ற தரவரிசை ஓய்வு உள்ளவர்கள் வகுத்தது என்ற ஐயம் எனக்கு உண்டு. பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. கால் மிதியில், கை நாடாவில், கண் ஜரிகையில். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினால் அன்றைய கூலி போயிற்று. அவரால் முருகா என்று முணுமுணுக்க முடியும்; மனத்தை முழுக்க மந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது. போதேந்திரரின் கட்சி இவருக்கு இடம் விடுகிறது. மனுவின் தரவரிசை விடுவதில்லை. இவரைப் போன்றவர்களுக்காகவே சொன்னதுபோல் காஞ்சியில் இன்னொரு நாயனார் கதையும் இருக்கிறது. பௌத்தக் கோலத்தில் வாழ்ந்த சாக்கியர், மந்திரம் ஏதும் சொல்லாமல் நாள்தோறும் இலிங்கத்தின் மேல் ஒரு கல் எறிந்தார். ஒருநாள் மறந்து உண்ண உட்கார்ந்தவர் நினைவு வந்ததும் எழுந்து ஓடினார். தவறாத அந்த ஒரு கல்லே வழிபாடாக எண்ணப்பட்டது.

பலன் என்று வந்தால் நூல்கள் தாராளம் காட்டுகின்றன. லலிதா சகஸ்ரநாமத்தை அயக்கிரீவர் அகத்தியருக்கு உபதேசித்ததாகப் பிரம்மாண்ட புராணம் சொல்கிறது. இருவரும் சந்தித்த தலம் காஞ்சி. அதன் பலசுருதி, காய்ச்சல்காரர் தலையைத் தொட்டு இதைச் சொன்னால் காய்ச்சல் தணியும் என்பதுவரை போகிறது. நேற்று வரை டெங்குவுக்கு அரசு மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு இதைப் படிக்க என்னவோபோல் இருக்கும். இத்தகைய வாக்கியங்களை மீமாம்சகர்கள் அர்த்தவாதம் என்று தனியே பிரித்தார்கள். செயலில் ஈடுபடத் தூண்டும் புகழ்ச்சி என்பது அவர்கள் கணக்கு. பாகவதத்தின் பதினோராம் கந்தம் இன்னும் பச்சையாகவே பேசுகிறது: மருந்து குடிக்க மறுக்கும் பிள்ளைக்கு ஆசை காட்டுவதுபோன்றது பலசுருதி. மரபே இப்படிச் சொல்லிவிட்ட பிறகு, ஒவ்வொரு பலனையும் எழுத்துக்கு எழுத்து நம்பச் சொல்லும் சொற்பொழிவாளர்கள் மரபைக் காக்கிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டி குழுவின் ஆய்வு வெளிவந்தது. 23 பேர், இத்தாலியில். லத்தீனில் மரியே வாழ்க செபமாலை சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. மூச்சும் அதே தாளத்துக்கு வந்து சேரும்போது, அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது. பயன் உண்மை, ஆனால் அது குறிப்பிட்ட ஒரு மதத்தின் மந்திரத்துக்கு மட்டும் உரியதல்ல. நீளமான ஒரு தொடரை ஒரே மூச்சில் நிதானமாகச் சொன்னால் கிடைப்பது.

பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓம் சொல்லும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2011-இல் முடிவு வெளியிட்டார்கள். உணர்ச்சிக் கொந்தளிப்போடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு தணிந்தது; வெறுமனே ‘ஸ்ஸ்’ என்று சொன்னபோது அப்படி இல்லை. கலந்துகொண்டவர்கள் பன்னிரண்டு பேர்தான். முன்னோட்ட ஆய்வு என்று அவர்களே சொன்னதை வாட்ஸ்அப் ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று மாற்றிக்கொண்டது. சிறுவயது முதல் யசுர் வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையை ஜேம்ஸ் ஹார்ட்செல் குழு ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. நினைவு, மொழி சார்ந்த சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் நாளெல்லாம் ஓதியவர்கள் அவர்கள். காலையில் பத்து நிமிடம் சொல்லும் நமக்கு அந்த முடிவைப் பொருத்திக்கொள்ள முடியாது. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இலேயே ‘ஒன்று’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் உடல் தளர்ந்து அமைதியாகும் என்று எழுதினார். பக்தருக்கு இது இனிக்காது. ஆனால் மூச்சும் நாடியும் வேறு, நிற்கும் இடம் வேறு. பென்சனின் ‘ஒன்று’ மூச்சைத் தணிக்கும். நான் யாருக்கு உரியவன் என்று கேட்காது.

இந்த ஊரின் மந்திரம் கடல் கடந்தும் போயிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சீனாவுக்கு மந்திர நெறிப் பௌத்தத்தைக் கொண்டுபோன வஜ்ரபோதி, காஞ்சியில் மழை பொய்த்தபோது பல்லவ மன்னன் கேட்டதற்கு இணங்கி மழை வேண்டியவர் என்று சீன வரலாறுகள் குறிக்கின்றன. அந்த மன்னனும் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மனே என்பர். வஜ்ரபோதியின் மாணவர் அமோகவஜ்ரர். அவர் வழியில் வந்த ஹுய்குவோவிடம் கற்றுக்கொண்டு 806-இல் நாடு திரும்பிய கூக்காய் ஜப்பானில் ஷிங்கோன் நெறியை நிறுவினார். அங்கே இன்றும் சமஸ்கிருத மந்திரங்களை ஜப்பானிய உச்சரிப்பில் ஓதுகிறார்கள். ஒலி ஓர் இம்மியும் பிசகக் கூடாது என்று நம்மிடம் கண்டிப்பவர்கள் ஒருமுறை அங்கே போய்வரலாம்.

யார் சொல்லலாம், எந்த மொழியில் என்ற சண்டை வேறு இருக்கிறது. வேத மந்திரம் பிறப்பாலும் பாலாலும் வேலியிடப்பட்டது. ஐந்தெழுத்துக்கும் எட்டெழுத்துக்கும் வேலி தாழ்வு. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு 2020 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணைப்படி தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நடந்தது. 2021 ஆகஸ்டில் அறநிலையத்துறை ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ தொடங்கியது. இதைப் புதுமை என்பவர்கள் வரதர் புறப்பாட்டைப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னே, வேத கோஷ்டி பின்னே. அந்த முன்வரிசையில் மணவாள மாமுனிகளைப் போற்றும் தனியன் என்ற சுலோகத்தைச் சொல்வதா தேசிகரைப் போற்றும் தனியனைச் சொல்வதா என்று தென்கலையாரும் வடகலையாரும் நூறாண்டுக்கு மேலாக நீதிமன்றம் ஏறி இறங்குகிறார்கள் என்பது வேறு கதை. ஜபம் மனத்தைத் தணிக்கும் என்ற ஆய்வுகளில் இவர்களைச் சேர்க்கவில்லை போலும்.

சந்நிதித் தெருக் கடைகளில் கைக்குள் அடங்கும் மந்திரப் பெட்டி கிடைக்கிறது. சொருகிவிட்டால் நாளெல்லாம் ஓம் நமசிவாய ஓடும். வீட்டில் இனிமையாக இருக்கும். கேட்பதும் ஒரு பயன்தான். ஆனால் மேலே பார்த்த எந்தக் கட்சியும் இதை ஜபம் என்று ஒப்பாது. பெட்டிக்கு மூச்சு இல்லை, நிற்கும் இடமும் இல்லை. அதைவிட மோசம், கடன் தீர இத்தனை முறை, வழக்கு வெல்ல இத்தனை முறை என்று விலைப்பட்டியல் போடும் காணொலிகள். நெசவுக் கூலியில் கடன் அடைக்கும் குடும்பங்கள் உள்ள ஊரில், வட்டி கட்டப் பணம் இல்லாதவரிடம் உச்சரிப்புப் பிழையால்தான் பலன் வரவில்லை என்று சொல்வது கொடுமை.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பீஜ மந்திரங்களைக் காணொலி பார்த்துக் கற்க வேண்டாம். அவை குருவிடம் கேட்கவேண்டியவை. நாமம் போதும், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பொருளைத் தெரிந்தவரிடம் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாக, ஒரு மூச்சுக்கு ஒருமுறை சொல்லுங்கள். எண்ணிக்கை பின்னால் வரட்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்த வேண்டாம். ஜபம் முடித்த கையோடு போட்டுக்கொள்ளுங்கள்.